கரும்பின் பூர்வோத்தரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறன்று காலை, நம் வீட்டுத் திண்ணைக்கு ஒரு வழக்கு வந்து சேர்ந்தது. வாதி, ஓமலூர் மார்க்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் கரும்பு வைத்து, சொந்தக் கொப்பரையில் வெல்லம் காய்ச்சும் ஒரு குடியானவர். பிரதிவாதி அவருடைய புதல்வி. பன்னிரண்டாம் வகுப்பில் நம்மிடம் படித்துத் தேறியவள். கல்லூரியில் தாவர சாஸ்திரந்தான் படிப்பேன் என்று பெண் ஒரே பிடியாக நிற்கிறாள். தகப்பனாரோ விண்ணப்பத் தாளில் கையெழுத்துப் போட மறுத்து, அந்தத் தாளையும் கையோடு மடித்து எடுத்துக்கொண்டு நம்மிடம் நியாயம் கேட்க வந்துவிட்டார். மேச்சேரியில் வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நீதிபதி உத்தியோகம் சம்பளமில்லாமல் கூடவே வரும் என்பது நேயர்கள் அறிந்ததே.

"வாத்தியாரையா, செடி வளர்க்கப் படிப்பு எதுக்குங்க? நான் படிச்சுட்டா கரும்பு வைக்கிறேன்? நர்ஸு வேலைக்குப் படிச்சாலாவது நாலு காசு பார்க்கலாம். இல்லீன்னா சொந்தத்துலயே மாப்பிள்ளை இருக்குது. இது பூவை எண்ணி, வேரை எண்ணி என்னத்தைக் காணப் போகுதுங்க?" என்றார் அவர்.

வேரை எண்ணுவது என்று அவர் சொன்னதில் நமக்கும் பங்கு உண்டு. வெங்காயத்தின் வேர் நுனியைச் சாயமிட்டு, கண்ணாடித் துண்டில் வைத்து நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது வகுப்பில் ஒரு வழக்கமான சோதனை. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் புத்தகத்திலுள்ள படத்தைப் பார்த்துப் படம் வரைந்துவிட்டுப் போய்விட்டார்கள். இவள் மட்டும் மணி அடித்த பிறகும் உட்கார்ந்து, பதினாறு என்று எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். வெங்காயத்துக்குப் பதினாறுதான். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் இது.

"உங்கள் தோட்டத்தில் இப்போது என்ன கரும்பு?" என்று கேட்டோம்.

"கோ எண்பத்தாறாயிரத்து முப்பத்திரண்டுங்க. வேறென்ன வைக்கிறாங்க இப்போ?"

"கோ என்றால் என்ன?"

"கோவாப்பரேட்டிவ்தானுங்களே?"

தூணுக்குப் பின்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். தகப்பனார் திரும்பி ஒரு முறை முறைத்தார்.

கோ என்பது கோயமுத்தூர். 1912-ஆம் ஆண்டு அந்நகரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. அங்கே பிறந்த கரும்புகளுக்கெல்லாம் ஊரின் பெயரே குடும்பப் பெயராக அமைந்தது. இந்தக் குடும்பம் எப்படிப் பிறந்தது, அதன் பூர்வோத்தரத்தை யார் யார் தேடினார்கள் என்பதுதான் அன்றைக்கு நாம் அவருக்குச் சொன்ன கதை. அதில் ஒரு பெண்மணியின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருப்பதால் நம் நேயர்களுக்கும் சொல்லத் துணிகிறோம்.

மேச்சேரி ஆடு என்று ஓர் இனமே நம் ஊர்ப் பெயரால் வழங்குகிறது. மந்தைக்குக் கிடா விடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டா விடுகிறார்? தாயின் குணம் என்ன, கிடாவின் குணம் என்ன, குட்டி எப்படி இறங்கும் என்று கணக்குப் போடாமல் விடுவதில்லை. கரும்பிலே இந்தக் கணக்கு வெகு காலம் நடக்கவில்லை. காரணம் எளியது. நாம் கரும்பை விதைப்பதில்லை. கரணை வெட்டி நடுகிறோம். கரணையிலிருந்து வருவது தாயின் மறுபதிப்பு. தாய்க்கு நோய் வந்தால் பிள்ளைக்கும் வரும். தாய் மெலிந்தால் பிள்ளையும் மெலியும். புதிய குணமுள்ள பிள்ளை வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும். பூவில் மகரந்தம் சேர வேண்டும். விதை பிடிக்க வேண்டும். வட இந்தியாவில் கரும்பு பூப்பதே அரிது. கோயமுத்தூரின் சீதோஷ்ணத்தில் பூக்கிறது, விதையும் பிடிக்கிறது. நிலையத்தை அங்கே அமைத்ததற்கு அதுவே காரணம்.

பார்பர் துரையும், அவருக்குத் துணையாக இருந்து பின்னால் அவர் இடத்துக்கு வந்த ராவ்பகதூர் டி. எஸ். வெங்கட்ராமனும் அங்கே ஒரு துணிச்சலான கல்யாணத்தை நடத்தி வைத்தார்கள். 'வெள்ளை' என்ற சாறு மிகுந்த சீமைக் கரும்பு ஒரு பக்கம். கோயமுத்தூர்ப் பக்கத்துக் காட்டு நாணல் மறுபக்கம். நாணலில் சர்க்கரை கிடையாது. ஆனால் அது வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சாது. ஜமீன்தார் வீட்டுப் பெண்ணைக் காட்டுவாசிக்குக் கொடுத்ததைப் போலத்தான். அந்தச் சம்பந்தத்தில் பிறந்த கோ 205 என்ற கரும்பு 1918-இல் வெளிவந்து பஞ்சாபின் வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு அதன் தம்பி தங்கைகள் பலர் வந்தார்கள். ஜாவா தேசத்துச் சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1932-இல் சுங்கப் பாதுகாப்பும் கிடைத்த பின், நம் நாட்டு ஆலைகள் பெருகி, அந்த இறக்குமதி சில வருஷங்களில் ஓய்ந்ததற்கு இந்தக் கரும்புகளே ஆதாரம். ஜாவாச் சர்க்கரையை வெளியேற்றியதில் சட்டத்துக்குப் பாதி பங்கு என்றால், மீதிப் பாதி நாணலுக்கு உரியது என்பது நம் அபிப்பிராயம்.

"நாணலா?" என்றார் குடியானவர். தம் கரும்புக்கு அப்படி ஒரு தகப்பன் வழி உறவு உண்டு என்பது அவருக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

கல்யாணம் பண்ணி வைத்தாகிவிட்டது, பிள்ளையும் பிறந்தது. ஆனால் உள்ளே என்ன நடந்தது? எந்தச் சொத்து எந்த வழியில் வந்தது? இதை ஆராய ஓர் ஆள் வேண்டியிருந்தது. மேட்டூர் அணை திறக்கப்பட்ட அதே 1934-ஆம் ஆண்டில் அந்த ஆள் கோயமுத்தூருக்கு வந்தார். அவர்தாம் டாக்டர் ஜானகி அம்மாள்.

மலபாரில் தலைச்சேரியில் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி பிறந்தவர் அவர். தகப்பனார் திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன், சென்னை ராஜதானியில் சப் ஜட்ஜாக இருந்தவர். பறவைகளிடமும் தோட்டத்திடமும் ஈடுபாடு உள்ளவர். பெரிய குடும்பம். அக்கம்மார்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போனார்கள். இவருக்கும் சொந்தத்திலேயே மாப்பிள்ளை பார்த்திருந்தார்களாம். (இந்த இடத்தில் தூணுக்குப் பின்னால் ஓர் அசைவு ஏற்பட்டதை நாம் கவனித்தோம்.) இவர் படிப்பைத் தேர்ந்துகொண்டு சென்னைக்கு வந்தார். ராணி மேரிக் கல்லூரியில் படித்து, 1921-இல் மாகாணக் கல்லூரியில் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது, கீழைத் தேசத்துப் பெண்களுக்கென்று ஏற்பட்ட பார்பர் உபகாரச் சம்பளம் கிடைத்து, அமெரிக்காவில் மிஷிகன் சர்வகலாசாலைக்குப் போனார். (கரும்புத் துரையான பார்பருக்கும் இந்தப் பார்பருக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை.) 1931-இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். தாவர சாஸ்திரத்தில் அமெரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர்.

பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட செடி கத்தரியின் தூரத்து உறவு. கத்தரியையும் அவர் விடவில்லை. பூலாம்பட்டிக் கத்தரிக்காயை வாங்கி நறுக்கும் நம் வீட்டுப் பெண்மணிகள் யாரும் நினைத்திராத ஒன்றை அவர் அதில் எண்ணினார்: குரோமோசோம்.

இதைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு ஜீவ அணுவுக்குள்ளும் சாயத்தைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய இழைகள் இருக்கின்றன. தாய் தகப்பன் குணங்கள் பிள்ளைக்கு இறங்குவது அவற்றின் வழியேதான். மனிதனுக்கு 46. நெல்லுக்கும் கத்தரிக்கும் 24. சோளத்துக்கு 20. பூவிலே மகரந்தமும் சூலும் உண்டாகும்போது இந்த எண்ணிக்கை சரிபாதியாகப் பிரிகிறது. அரைச் சொத்து தாயிடமிருந்து, அரைச் சொத்து தகப்பனிடமிருந்து. பிள்ளைக்கு மறுபடி முழுச் சொத்து. பாகப்பிரிவினை இவ்வளவு ஒழுங்காக மனிதர்களிடையே நடந்தால் ஓமலூர்க் கோர்ட்டில் கூட்டம் குறைந்துவிடும்.

சில சமயம் இந்தப் பாகப்பிரிவினை தவறிவிடுகிறது. இரண்டு பங்குக்குப் பதிலாக மூன்று பங்கு சேர்ந்துவிடுகிறது, அல்லது நான்கு. மூன்று பங்கு உள்ள செடி தன் சொத்தைச் சமமாகப் பிரிக்க முடியாமல் திணறுகிறது. அதனால் விதை பிடிப்பதில்லை. நாம் உண்ணும் பூவன் வாழையிலும் நேந்திரனிலும் விதை இல்லாதது இதனால்தான். பதினொன்று பதினொன்றாக மூன்று பங்கு, ஆக 33. இவ்வாறு மூன்று பங்குள்ள கத்தரிச் செடி ஒன்றைப் பற்றி ஜானகி அம்மாள் ஆராய்ந்து 1934-இல் கட்டுரை வெளியிட்டார். நான்கு பங்கானால் நேர்மாறு. பிரிவினை மறுபடி ஒழுங்காகி, செடி விதை கொடுத்து, ஒரு புதிய ஜாதியாகவே நிலைபெற்றுவிடலாம். நம் கேழ்வரகு இப்படிப் பிறந்த ஜாதிதான். தாவரங்களில் புதிய ஜாதிகள் பிறக்கும் வழிகளில் இந்தப் பன்மடிப் பெருக்கம் மிகப் பெரியது. ஜானகி அம்மாளின் ஐம்பது வருஷ ஆராய்ச்சிக்கும் இதுவே நடுநாடி.

இனிக் கரும்புக்குத் திரும்புவோம். சீமைக் கரும்புக்கு 80. கோயமுத்தூர் நாணலுக்கு 64. கணக்குப் படி பிள்ளைக்கு 40-உம் 32-உம் சேர்ந்து 72 இருக்க வேண்டும் அல்லவா? கோ 205-இல் இருப்பதோ 112! ஜாவாவில் பிரெமர் என்ற டச்சுக்காரர் இந்தப் புதிரை அவிழ்த்தார். நாணலுக்கு வாழ்க்கைப்படும்போது தாய்க் கரும்பு தன் பாதியை மட்டும் கொடுப்பதில்லை. எண்பதையும் அப்படியே பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. நாணல் மாத்திரம் தன் பாதியான 32-ஐத் தருகிறது. பிள்ளை தாயைக் கொண்டு இனிப்பும், தகப்பனைக் கொண்டு உறுதியும் பெறுவதன் ரகசியம் இது. கரும்பு வைக்கிற நம் நண்பர் இந்த இடத்தில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "முழுசையுமா குடுத்துருதுங்க?" என்று கேட்டுவிட்டு, சிறிது நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜானகி அம்மாள் கோயமுத்தூரில் இந்த நாணலைப் பற்றிக்கொண்டார். நாணல் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நாம் நினைக்கிறோம். அவர் பல பிரதேசங்களிலிருந்து வந்த நாணல்களைப் பார்த்து எண்ணினார். இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறியது. எண்ணிக்கையையும் தேசப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு செடி எங்கே பிறந்து, எந்த வழியாகப் பரவியது என்பது புலப்படத் தொடங்குகிறது. கல்வெட்டு இல்லாத சரித்திரம் இது. நாணலின் பிறந்தகம் இந்தியாவே என்ற முடிவுக்கு அவருடைய ஆராய்ச்சி பெருந்துணையாயிற்று.

கரும்பைச் சோளத்தோடும், தர்ப்பை ஜாதிப் புற்களோடும், ஏன், மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து பார்த்தார் அவர். கரும்பு தாய், மக்காச்சோளம் தகப்பன் என்ற கலப்பைப் பற்றி 1938-இல் அவர் எழுதியது உலகெங்கும் கவனிக்கப்பட்டது. அதனால் ஆலைக்கு ஏற்ற கரும்பு பிறந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இவ்வளவு தூரத்து உறவுக்குள்ளும் சம்பந்தம் கூடும் என்று கண்டது, புற்களின் குலமுறையை அறிவதில் ஒரு பெரிய அடி.

இந்த வேலையின் பிரயாசையை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கரும்புப் பூ யானைத் தும்பிக்கை அளவா இருக்கிறது? வெள்ளிக் கதிர் போல் நீண்ட பூங்கொத்தில் ஒவ்வொரு பூவும் அரிசி நொய்யைவிடச் சிறியது. விதையோ பஞ்சோடு பஞ்சாகப் பறந்துவிடும். பூ மலரும் அதிகாலை வேளைக்கு வயலில் நிற்க வேண்டும். அந்நிய மகரந்தம் புகாதபடி காபந்து செய்ய வேண்டும். பின்பு மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து, சிக்குப் பிடித்த நூல் கண்டு போல் கிடக்கும் 112 இழைகளை ஒன்றுவிடாமல் எண்ணிப் படம் வரைய வேண்டும். ஒன்று தவறினாலும் கதை மாறிவிடும்.

இதையெல்லாம் செய்த ஒரு பெண்ணுக்கு மரியாதை தானாக வந்திருக்கும் என்று நினைத்தால் அது நம் அறியாமை. மிஷிகனிலிருந்து திரும்பி, 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா சயன்ஸ் கல்லூரியில் பேராசிரியையாக இருந்துவிட்டு வந்தவர் அவர். 1935-லேயே ஸர் சி. வி. ராமனின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினரானவர். எனினும் கல்யாணமாகாத பெண். பின்தங்கியதாகக் கருதப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்தவர். இவ்விரண்டு காரணங்களாலும் கூட வேலை செய்த ஆண்களிடையே அவருக்குக் கோயமுத்தூரில் நிம்மதி இருக்கவில்லை என்று அவருடைய சரித்திரத்தை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். கரும்புக்கும் நாணலுக்கும் கலப்பு மணம் செய்து வைத்துக் கொண்டாடிய காலத்தில், மனிதர்களிடையே ஒரே மேஜையில் உட்காருவதற்கு இத்தனை கணக்கு இருந்திருக்கிறது.

1939-இல் எடின்பரோவில் நடந்த சர்வதேசப் பாரம்பரிய சாஸ்திர மகாநாட்டுக்குப் போனார். மகாநாடு முடிந்த கையோடு யுத்தம் மூண்டது. அங்கேயே தங்கிவிட்டார். லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1940 முதல் 1945 வரை வேலை செய்தார். ராத்திரி குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவது, காலையில் அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடி வேலையைத் தொடங்குவது: இப்படித்தான் அந்த வருஷங்கள் கழிந்தன என்று அவர் பின்னாளில் சொன்னதை உறவினர் எழுதியிருக்கிறார்கள். ஊரிலிருந்து ஓர் அணில் பிள்ளையை ரகசியமாகக் கொண்டுபோய் அந்த நிலையத்தில் வளர்த்தாராம். அதற்குக் 'கபோக்' என்று பெயர். இலவம் பஞ்சுக்குச் சீமையில் வழங்கும் பெயர் அது. பஞ்சு போன்ற வாலைக் கண்டுதான் வைத்தாரோ என்னவோ!

1945-இல் ஸி. டி. டார்லிங்டன் என்ற பேராசிரியரும் அவரும் சேர்ந்து, பயிர் செய்யப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையைப் பெரும் புத்தகமாக வெளியிட்டார்கள். உலகத்தில் மனிதன் வளர்க்கும் செடி எதுவானாலும் அதன் எண்ணிக்கை என்ன என்று புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நாவலைப் போல் படிக்கக்கூடிய புத்தகம் அல்ல. ஆனால் அதற்குப் பின் வந்த ஒவ்வொரு பயிர் ஆராய்ச்சியாளரும் அந்த வாசற்படியை மிதித்துத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அவருடைய மற்ற எல்லாக் காரியங்களையும்விட இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். நம் கருத்தோடு மாறுபடுகிறவர்கள் பூவைக் காட்டுவார்கள்.

அந்தப் பூவின் கதை இது. யுத்தம் முடிந்ததும் விஸ்லி என்ற இடத்தில் ராஜாங்கத் தோட்டக்கலைச் சங்கம் அவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொண்டது. அங்கே கால்ச்சிஸின் என்ற மருந்தைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். இளஞ் செடியின் குருத்தில் இந்த மருந்து பட்டால், அணு பிரியும் சமயத்தில் குரோமோசோம்கள் இரட்டித்தும் பிரியாமல் நின்றுவிடும். அதாவது, பன்மடிப் பெருக்கத்தை மனிதன் கையாலேயே உண்டாக்கலாம். இந்த மருந்து வேறெங்கோ தூர தேசத்துப் பொருள் என்று எண்ண வேண்டாம். நம் வேலிகளில் நெருப்புப் போல் பூக்கும் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதுவே. கண்வலிக் கிழங்கு என்று நம் பக்கத்துக் குடியானவர்கள் பந்தல் போட்டு வளர்த்து விதையை விற்கிறார்களே, அது மருந்துக் கம்பெனிகளுக்குப் போவதும் இந்தச் சரக்குக்காகத்தான். (கொடிய விஷம்; குழந்தைகளை அண்டவிடக் கூடாது.) விஸ்லியில் ஜானகி அம்மாள் மருந்திட்டு வளர்த்த மக்னோலியா மரங்கள் அங்குள்ள குன்று ஒன்றில் நடப்பட்டன. மக்னோலியா என்பது நம் செண்பகத்தின் குடும்பம். அவற்றுள் வெள்ளை வெளேரென்று பூக்கும் ஒரு வகைக்கு 'ஜானகி அம்மாள்' என்றே பெயர் வழங்குகிறது. கோடைக்கானலில் ரோஜா வளர்த்துப் புகழ்பெற்ற வீரராகவன் தம்பதிகளும் தாங்கள் உண்டாக்கிய ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

"அப்புறம் ஊருக்கு வந்தாங்களா, அங்கேயே இருந்துட்டாங்களா?" என்று கேட்டது தகப்பனார் அல்ல, மகள்.

வந்தார். 1951-இல் பிரதமர் நேரு அழைத்தார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீர்திருத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அலகாபாத்திலும் பிறகு ஜம்முவிலும் ஆராய்ச்சிச் சாலைகளில் இருந்தார். அவருடைய பார்வை இப்போது பயிர்களிலிருந்து காட்டுக்குத் திரும்பியது. ஈரமும் குளிரும் மிகுந்த கிழக்கு இமயத்தில், வறண்ட மேற்கு இமயத்தைக் காட்டிலும் பன்மடித் தாவரங்கள் அதிகம் என்றும், அங்கே புதிய ஜாதிகள் வேகமாகத் தோன்றுகின்றன என்றும் கண்டு எழுதினார். சீனத் தாவரங்களும் மலேயாத் தாவரங்களும் நம் நாட்டுத் தாவரங்களும் அங்கே சந்தித்து இயற்கையாகவே கலந்து போவதை அதற்கு ஒரு காரணமாகக் காட்டினார்.

ஆனால் சந்திப்பதற்குக் காடு இருக்க வேண்டுமே! ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போய், அந்தப் பிரதேசத்திலேயே மிஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா மரத்தைத் தேடினாராம். மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது. அதை அவர் கடிதத்தில் எழுதினார். ஒரு நெல் அழிந்தால் விதைக் கிடங்கில் வேறு நெல் இருக்கலாம். கடைசி மரம் எரிந்தால் அதன் பூர்வோத்தரத்தை எந்த மைக்ராஸ்கோப்பினாலும் படிக்க முடியாது. 1955-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை மாற்றிவிட்டதைப் பற்றி ஒரு பெரிய விசாரணைக் கூட்டம் நடந்தது. அழைக்கப்பட்ட அறிஞர்களுள் பெண் இவர் ஒருவரே. பாலக்காட்டு மலையில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டித் தண்ணீரில் மூழ்கடிக்கத் திட்டம் வந்தபோது, எண்பது வயதில் எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். காடு மூழ்குவதற்குள் அதன் மரங்களின் குரோமோசோம்களை எண்ணிவிட வேண்டும் என்றும் அவர் கிளம்பியது அந்த வயதில்தான்.

1970-இல் சென்னைக்கே வந்து சேர்ந்தார். மதுரவாயலில் சென்னைச் சர்வகலாசாலையின் தாவர ஆராய்ச்சித் தோட்டத்திலேயே குடியிருந்து, மூலிகைகளை வளர்த்து, எண்ணிக்கொண்டேயிருந்தார். 1977-இல் பத்மஸ்ரீ பட்டம் அளிக்கப்பட்டது. 1984, பிப்ரவரி 7-ந் தேதி காலமானார். அமைதிப் பள்ளத்தாக்கு அணைக்குத் தப்பித் தேசியப் பூங்காவானது அதே வருஷம் நவம்பர் மாதம். அதைக் காண அவர் இல்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது நமக்கே சற்று வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாகக் கரும்பையும் கத்தரியையும் வகுப்பில் பாடம் நடத்துகிறோம். மதுரவாயல் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறோம். இந்தப் பெயரை ஒரு நாளாவது கரும்பலகையில் எழுதினோமா?

"அந்தம்மாவுக்குக் கடைசி வரை கல்யாணம்?" என்றார் குடியானவர்.

"செய்துகொள்ளவில்லை."

"பார்த்தீங்களா!" என்று தொடையில் தட்டினார். நம் பக்கத்து வாதத்தில் இருந்த பெரிய ஓட்டையை அவர் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஒரு விவரத்தை மறைத்திருக்கலாமோ என்றுகூட நமக்கு ஒரு கணம் தோன்றியது.

தூண் பேசியது. "நான் கல்யாணமே வேண்டாம்னா சொன்னேன்? இப்போ வேண்டாம்னுதானேப்பா சொன்னேன்!"

தகப்பனார் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்திருப்பார் என்று நினைத்தோம்; எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க, நாணல்ல 64-ன்னு சொன்னீங்களே. எல்லா நாணலுக்கும் அதேதானுங்களா?"

"இல்லை. நாற்பதும் உண்டு, நூற்றிருபத்தெட்டும் உண்டு. இடத்துக்கு இடம் வித்தியாசம்."

"நம்ம சரபங்கா நதி ஓரத்துல நிக்குதே, அதுல?"

"யாராவது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்," என்றோம்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு, விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது என்று நம்மிடம் விசாரித்தார். வெள்ளிக்கிழமை என்றோம். மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கொப்பரையில் பாகு ஏறியிருக்கும் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். பேனா கேட்கவில்லை.

புதன்கிழமை மாலை பெண் மட்டும் வந்தாள். ஒரு கையில் ஈரத் துணியில் சுற்றிய நாணல் வேர். பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். வெங்காயத்தின் பதினாறுக்கே கண் பூத்துப் போகிற கண்ணாடி அது, முடியாது என்றோம். மற்றொரு கையில் இருந்த தாளை நீட்டினாள். அடியில் கோணல் மாணலாகக் கையெழுத்து இருந்தது. ஓரத்தில் வெல்லப் பாகு ஒட்டிக் காய்ந்திருந்ததால் பிரிக்கும்போது சற்றே கிழிந்தது. கல்லூரியில் ஒப்புக்கொள்வார்களா என்று கவலைப்பட்டாள். ஒட்டிக் கொடுத்தோம்.